பாத்திரத்துக்கு ஏற்ற வர்ணம்

தமிழர் தம் தெய்வங்களுக்கு நிறத்தைக் கொண்டே பெயரிட்டவர்கள். கரியவன் மாயோன், சிவந்தவன் சேயோன், வெண்ணிறத்தவன் வாலியோன். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குச் சேயோனையே தெய்வமாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆளைச் சொல்லுமுன் நிறத்தைச் சொல்லிவிடுவது நம்மவரின் பழைய வழக்கம்.

இதை நாம் நினைத்துக்கொள்ளக் காரணமாக இருந்தது, சென்ற மாசி மாதத்தில் எமது தங்கையின் மகளுக்கு நேர்ந்த ஒரு சிக்கல். இக்காலத்துப் பிள்ளைகள் இணையத்தின் வழியே ஒருவகைக் கூத்து ஆடுகிறார்கள். மேடை கிடையாது, தப்பும் கிடையாது, ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதுமில்லை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் எழுத்தில் எழுதுகிறார், மற்றவர் தம் பாத்திரத்தின் வாயிலாக மறுமொழி எழுதுகிறார், கதை வளர்கிறது. ஒருவர் ஹட்டனில் இருப்பார், இன்னொருவர் கொழும்பில் இருப்பார், மூன்றாமவர் கனடாவில் இருப்பார். ஆட்டம் தொடங்குமுன் பாத்திரத்துக்கு ஓர் அறிமுகப் பக்கம் அமைக்க வேண்டும். பெயர், பிறந்த இடம், குணம், நட்பு, பகை யாவும் அதில் எழுதப்படும். பக்கத்தின் தளத்துக்கு என்ன நிறம், எழுத்துக்கு என்ன நிறம், சுற்றியுள்ள கட்டத்துக்கு என்ன நிறம் என்பதை ஆடுபவரே தெரிந்துகொள்ள வேண்டும். கூத்தில் முகத்துக்குப் பூசும் வர்ணம் செய்கின்ற வேலையை இங்கே இந்தப் பக்கம் செய்கிறது.

எமது மருமகள் ஏற்றுக்கொண்டது ரதியின் பாத்திரம். மன்மதனைத் தேடிக்கொண்டு மண்ணுலகுக்கு வந்து, ஒரு தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவளாக வாழ்கின்ற ரதி. பச்சைத் தளம், சிவப்பு எழுத்து, மஞ்சள் கட்டம் என்று பக்கத்தை அமைத்திருந்தாள். காமன் திடலில் சிறுவயது முதல் கண்ட நிறங்கள் அவை. கூட ஆடும் ஒருவர் அதைக் கண்டதும் எழுதியது இரண்டே சொற்கள்: “தோட்டத்துக் கலர்.”

இச்சொற்களின் பொருளை மலையகத்தார் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேருந்து நிலையத்திலும் புடவைக் கடையிலும் கல்யாண வீட்டிலும் நாம் கேட்டுப் பழகியவைதாம். மருமகள் அன்றிரவே எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். வெள்ளைத் தளம்; மெல்லிய சாம்பல் எழுத்து; கட்டமே இல்லை. மற்றப் பிள்ளைகளின் பக்கங்களில் பலவும் அவ்வாறே இருந்தனவாம். அவ்வளவோடு நின்றிருந்தால் நாம் பேசாமல் இருந்திருப்போம். ஆனால் நிறத்தை மாற்றிய கையோடு பிறந்த இடத்தையும் மாற்றியிருந்தாள். தேயிலை மலை போய், பெயரில்லாத ஏதோ ஒரு நகரம் வந்திருந்தது. கொழுந்து எடுத்த ரதி கடிதம் தட்டச்சுச் செய்பவளாகியிருந்தாள். தங்கை இதைச் சொல்லி வருந்தியபோதுதான், இது வெறும் அலங்கார விஷயமன்று என்று எமக்குப் பட்டது.

பிள்ளையை அழைத்துப் புத்தி சொல்வதில் எமக்கு நம்பிக்கை இல்லை. முப்பது ஆண்டுகள் பாடசாலையில் அதைத்தான் செய்தோம். பலனை நாம் அறிவோம். ஆகவே, “இரண்டு பக்கங்களையும் அளந்து பார்ப்போமா?” என்று மட்டும் கேட்டோம்.

நிறத்தை அளக்கலாம் என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். கைத்தொலைபேசித் திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 16,777,216 நிறங்கள். இவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும், ஒன்றைவிட மற்றொன்று எவ்வளவு ஒளி மிகுந்தது என்பதைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. வெள்ளையில் கறுப்புக்கு விகிதம் இருபத்தொன்று; அதற்குமேல் இல்லை. இணையப் பக்கங்களுக்கு நெறி வகுக்கும் வேர்ல்ட் வைட் வெப் கன்சோர்டியம், சாதாரண அளவிலான எழுத்து கண்ணுக்குத் தெளிவாகப் படவேண்டுமாயின் இந்த விகிதம் நாலரைக்குக் குறையலாகாது என்கிறது.

மருமகளின் முதற் பக்கத்தை அளந்தோம். கலப்பில்லாத பச்சையில் கலப்பில்லாத சிவப்பு: 2.9. தேறவில்லை. பிறகு, நாகரிகம் என்று மாற்றிய பக்கத்தை அளந்தோம். வெள்ளையில் அவள் வைத்த சாம்பல்: 2.8. அதுவும் தேறவில்லை, உண்மையில் முன்னதைவிட ஒரு மயிரிழை கீழே. வாசிப்பதற்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு கடினம். ஆனால் ஒன்றைத்தான் பரிகசித்தார்கள்.

பிள்ளை அந்த எண்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்படியானால் எழுத்து தெரியாததற்காக அவர்கள் சிரிக்கவில்லை, மாமா” என்றாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

நியாயத்துக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். சிவப்பையும் பச்சையையும் ஒன்றின்மேல் ஒன்று வைப்பது வேறு வகையிலும் ஆகாது. எழுத்தின் விளிம்பு கண்ணுக்குள் நடுங்கும். மேலும், இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையவர் பலருண்டு. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு எட்டுப்பேர் வரை அத்தகையோர். ஆசியரிடையே சற்றுக் குறைவு. அவர்களுக்கு அந்தப் பக்கம் வெறும் புல்வெளியே. ஆகவே முதற் பக்கத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அதைப் பழித்த காரணத்தைத்தான் ஏற்கவில்லை.

அந்தக் காரணத்துக்கு வயது அதிகம். ஜெர்மானியப் புலவர் கதே 1810ஆம் ஆண்டில் நிறங்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். நாகரிகமற்ற கூட்டத்தாரும் படிப்பற்றவரும் குழந்தைகளும் பளிச்சென்ற நிறங்களில் ஆசை கொள்கிறார்கள் என்றும், பண்பட்டவர் தம் உடையில் அவற்றைத் தவிர்க்கிறார்கள் என்றும் அந்த மேதை அதில் எழுதிவைத்தார். அவருக்கு முந்திய தலைமுறையில் விங்கெல்மான் என்னும் அறிஞர் கிரேக்கச் சிலைகளின் வெண்மையைப் போற்றி எழுதி, ஐரோப்பாவையே மயக்கியிருந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிலைகள் செதுக்கப்பட்ட காலத்தில் நம் கோபுரத்துப் பொம்மைகளைப் போலச் சிவப்பும் நீலமும் பூசி நின்றவை. மழையும் மண்ணும் வர்ணத்தைக் கழுவிவிட்டன. கழுவுண்டதைக் கண்டவர்கள் அதுவே உயர்ந்த ரசனை என்று கொண்டார்கள். தோட்டத்துக் கலர் என்று எழுதிய பிள்ளை கதேயைப் படித்திருக்கப் போவதில்லை. தொற்றுநோய்க்குப் புத்தகம் வேண்டியதில்லை.

நிற்க. பழிப்பை விலக்கிவிட்டால் மட்டும் பக்கம் அமைந்துவிடாது. எந்த நிறம் வைப்பது என்ற கேள்வி அப்படியே இருந்தது. இதற்கு எம்மைவிட அதிகம் தெரிந்த ஒருவர் மேல்கணக்கு லயத்தில் இருக்கிறார். காமன் கூத்து வாத்தியார், எண்பதைத் தாண்டியவர். பதினான்கு ஆண்டுகள் ரதி வேஷம் கட்டியவர். பெண்கள் வேஷம் கட்டும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. மீசை அரும்பாத இளைஞரே ரதியாவார்கள். அவருக்கு ரதி வேஷம் வந்த விதமும் ஒரு கதை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதிற்று அல்லவா? அவருக்கு முன் ரதியாக ஆடியவர் அந்தக் கணக்கில் கப்பலேறினார். கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் தம்மோடு கொண்டுபோனார். வர்ணப் பெட்டியை மட்டும் இவரிடம் விட்டுப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மருமகளை அழைத்துக்கொண்டு சென்றோம். இஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “பெண்பிள்ளையே ரதியாகிறாளா? நல்லது, நல்லது” என்றவர், தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கங்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வியை நாம் எதிர்பார்க்கவில்லை. “பக்கத்தில் நிற்பவன் யார் அம்மா? அவன் என்ன நிறம்?”

ஒரு வேஷத்துக்குத் தனியே நிறம் கிடையாது என்பது அவர் சித்தாந்தம். எமது தோட்டத்தில் மன்மதனுக்கு முகம் பச்சை, ரதிக்கு ரோசா, ஈசனுக்குத் திருநீற்று வெண்மை, எமனுக்குக் கருநீலம், வீரபத்திரனுக்குச் சிவப்பு. இது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆனால் எந்தத் தோட்டத்திலும் ரதியும் மன்மதனும் ஒரே நிறத்தில் நிற்கமாட்டார்கள். பச்சைக்குப் பக்கத்தில் நிற்பதாலேயே ரோசா அவ்வளவு ரோசாவாகத் தெரிகிறது என்றார். “தனியே நிற்கையில் ரதிக்கு அவ்வளவு அழகு கிடையாது தம்பி. மன்மதன் எரிந்துபோன பிறகு அழுது ஆடுகிறபோது பார்த்தால் தெரியும். முகம் வெளிறிப்போகும். ஒரு துளி வர்ணம் மாற்றியிருக்கமாட்டோம்.”

இதைக் கேட்டபோது எமக்குச் செவ்ரேல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞரின் ஞாபகம் வந்தது. பாரிஸ் நகரில் கோபெலின் நெசவுசாலையின் சாயப் பகுதிக்கு அவர் 1824ஆம் ஆண்டில் தலைமையேற்றார். கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை, மங்கலாக இருக்கிறது என்று முறைப்பாடு வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறையில்லை. கறுப்பு நூலுக்கு அடுத்து நெய்திருந்த நீலமும் ஊதாவுமே அதை மங்கச் செய்தன என்று கண்டார். அடுத்தடுத்து வைக்கப்படும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதியை 1839ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வாத்தியார் செவ்ரேலைக் கேள்விப்பட்டவரல்லர். கேள்விப்பட்டிருந்தால், “அவர் எந்தத் திடலில் ஆடினார்?” என்று விசாரித்திருப்பார்.

அடுத்து அவர் கேட்டது வெளிச்சத்தைப் பற்றி. காமன் கூத்து இரவில் நடப்பது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமனை நட்டு, பௌர்ணமியை ஒட்டித் தகனம் செய்வார்கள். முன்னாளில் பந்த வெளிச்சம்; பின்னர் பெட்ரோமாக்ஸ்; இப்போது மின்சாரம். பந்தத்தின் மஞ்சள் ஒளியில் மஞ்சள் வர்ணம் வெளுத்துப் போகும். நீலம் கறுத்துப் போகும். எமனுக்கு ஏன் கருநீலம் என்றால், பகலில் நீலமாயிருப்பது இரவில் கறுப்பைவிடக் கறுப்பாகத் தெரியும் என்றார். மின்விளக்கு வந்தபோது பழைய அளவில் பூசியவர்கள் எல்லாரும் முகமூடி போட்டவர்கள்போலத் தெரிந்தார்களாம். கையைக் குறைக்க இரண்டு திருவிழா ஆயிற்று.

“நீ எழுதுகிற விளையாட்டை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறார்கள்?” என்று மருமகளைக் கேட்டார். அவள் யோசித்தாள். பகலில் படிப்பு, இரவு ஒன்பதுக்கு மேல்தான் ஆட்டம். லயத்துக் காம்பராவில் பாட்டியும் தம்பியும் உறங்க, விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் வைத்துப் பார்ப்பவள் அவள். மற்றப் பிள்ளைகளும் பெரும்பாலும் இருட்டில்தான் பார்க்கிறார்கள். கனடாவில் இருப்பவளுக்கு மட்டும் அது காலை. “இருட்டில் வெள்ளைத் தளம் கண்ணைக் குத்துகிறது, தாத்தா. பாட்டி விழித்துக்கொள்கிறாள்” என்றாள். வாத்தியார் சிரித்தார். “பிறகு ஏன் வெள்ளை? பாட்டி எழும்பாத நிறமாக வை.”

வர்ணப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். தகரப் பெட்டி. முத்துவெள்ளை, செந்தூரம், நீலம், கரி எல்லாம் சின்னச் சின்னக் கடதாசிப் பொட்டலங்களில் இருந்தன. அரிதாரப் பொட்டலத்தை மட்டும் அவர் பிரிக்கவில்லை. நடிப்பதற்கே ‘அரிதாரம் பூசுதல்’ என்று பெயர் வரக் காரணமான அந்த மஞ்சட் பொருள் பாஷாணம் கலந்தது. இன்று அதை முகத்தில் பூசச் சொல்லமாட்டோம். முன்னாளில் அரிதாரத்தோடு நீலம் சேர்த்தே மன்மதனின் பச்சையைக் குழைத்தார்கள். கேரளத்துக் கதகளியிலும் பச்சை வேஷத்தின் பச்சை இவ்விரண்டும் கூடியதே. அக்கதகளியில் இன்னொரு நுட்பமும் உண்டு. பச்சை முகத்தைச் சுற்றித் தாடையோரமாக அரிசிமாக் குழம்பால் வெள்ளைக் கரை கட்டுவார்கள். அதன் பெயர் சுட்டி. குத்துவிளக்கின் சிறு வெளிச்சத்தில் முகம் எங்கே முடிகிறது, இருள் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவது அந்தக் கரைதான். எல்லாருக்கும் சுட்டி கிடையாது. பெண் வேஷத்துக்கும் முனிவருக்கும் அது வைப்பதில்லை.

ரதியின் ரோசாவை வாத்தியார் எம் கண்ணெதிரே உள்ளங்கையில் குழைத்துக் காட்டினார். முத்துவெள்ளை ஒரு பங்கு, செந்தூரம் நகக்கண் அளவு, தேங்காயெண்ணெய் நாலு துளி. பிறகு ஒரு கரிக்கோடு இழுத்தார். “இதுதான் கண். ஆட்டக்காரன் கண்ணாலும் வாயாலும்தான் பேசுகிறான். முகத்து வர்ணமெல்லாம் இவை இரண்டும் தெரிவதற்காக. கண் தெரியாத முகத்துக்கு எவ்வளவு வர்ணம் பூசினாலும் அது பானைதான்.”

மருமகளுக்கு அப்போது ஏதோ பிடிபட்டது. பக்கத்தில் எழுத்துத்தான் கண்ணும் வாயும் என்று மெல்லச் சொன்னாள். எழுத்துக்கு எடுப்பான நிறத்தைத் தேடாமல், எழுத்தை எடுப்பாக்கும் தளத்தைத் தேட வேண்டும் என்பது அவள் கண்டது. நாம் புள்ளிவிவரத்தால் காட்டியதை அவர் கரிக்கோட்டால் காட்டிவிட்டார்.

அவளும் அவருக்கு ஒன்று காட்டினாள். திரையில் முழுச் சிவப்பையும் முழுப் பச்சையையும் சேர்த்தால் மஞ்சள் வருகிறது. வாத்தியார் நம்பவில்லை. சிவப்பில் பச்சையைக் குழைத்தால் சேறு வரும் என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம், அதுவும் உண்மையே. சாயம் ஒளியை விழுங்கி மிச்சத்தைத் தருகிறது. திரை ஒளியையே ஒன்றோடொன்று கூட்டுகிறது. ஆகவே கூட்டுவதும் குழைப்பதும் வெவ்வேறு கணக்கு. மூன்றுமுறை செய்து காட்டச் சொன்னார். மூன்றாம் முறை, “சரி, உன் பெட்டி வேறு, என் பெட்டி வேறு” என்றார். அவர் குரலில் சற்று வருத்தமிருந்ததாக எமக்குத் தோன்றிற்று.

எழுந்து வரும்போது நாம் தோட்டத்துக் கலர் விஷயத்தையும் சொல்லிவைத்தோம். அவருக்குக் கோபம் வரவில்லை. எதிர்மலையைக் காட்டினார். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே விறகு சுமந்து ஏறிய பெண்களில் மஞ்சள் தலைத்துண்டு கட்டியவள் மட்டும் தெரிந்தாள். சாம்பல் நிறச் சட்டைக்காரி பனியில் கரைந்துவிட்டாள். “நாள் முழுக்க இடுப்பில் படங்கு. அதற்கு ஒரே நிறம். தலையில் கட்டுகிற ஒரு முழத் துணிக்காவது ஆசைப்பட்ட நிறம் வேண்டாமா?” என்றார். எம் அன்னையாரும் இதே கருத்தை வேறு சொற்களில் சொல்வதுண்டு. மலையில் பிள்ளை தாயைத் தேடினால் நிறத்தைச் சொல்லித்தான் விசாரிக்கும் என்பார்.

மருமகள் தன் பக்கத்தை அமைத்து முடிக்க நான்கு இரவுகள் பிடித்தன. தளம், கிட்டத்தட்டக் கறுப்பு எனலாகும் கரும்பச்சை. விடியுமுன் பார்த்தால் தேயிலைப் புதர் தோன்றுகின்ற நிறம். எழுத்து, பால் ஊற்றிய கஞ்சி போன்ற வெளிர்மஞ்சள். தூய வெள்ளையை இருண்ட தளத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்துகள் பளபளத்துக் கண்ணை உறுத்தின என்று விட்டுவிட்டாள். ரோசா ஒரேயோர் இடத்தில்தான் வருகிறது: ரதி என்னும் பெயரில். கட்டமாக மெல்லிய மஞ்சட்கோடு. அளந்து பார்த்தோம், எழுத்தின் விகிதம் பத்தைத் தாண்டிற்று. நாம் கேளாமலே, பிறந்த இடம் என்ற வரியில் மறுபடியும் தேயிலை மலை வந்திருந்தது. இம்முறை அதற்கு உயரமும் எழுதியிருந்தாள்: கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல்.

முன்பு பரிகசித்தவர் இதைப்பற்றி இதுவரை எதுவும் எழுதவில்லை. கொழும்பில் இருக்கும் ஒரு பிள்ளை, இருட்டில் வாசிக்க எளிதாக இருக்கிறது என்று எழுதி, தன் பக்கத்தின் தளத்தையும் இருளாக்கிக்கொண்டதாம்.

வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ரோசாவில் செந்தூரம் ஒரு பொடி கூடுதல் என்றார். அப்புறம், “மன்மதன் யார்?” என்றார். யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் அந்தப் பாத்திரத்தைக் கேட்டிருக்கிறான் என்றும், அவன் பக்கம் முழுவதும் கறுப்பு என்றும் மருமகள் சொன்னாள்.

“கறுப்பா? எரிந்த பிறகு அவன் கறுப்புத்தான். எரியுமுன் பச்சை என்று சொல்.”

அவள் அப்படியே எழுதி அனுப்பினாள். மறுநாட் காலையில் வந்திருந்த பதில் ஒரு வரி: எந்தப் பச்சை? அதைக் கேட்டுவர இன்று பிற்பகல் மேல்கணக்கு லயத்துக்குப் போயிருக்கிறாள்.